குழந்தைகளோடு காட்டுக்குள் தங்கும் நடைப்பயணம்: பல குடும்பங்கள் சேர்ந்து திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

வண்டி போகாத, கடை இல்லாத, கைப்பேசிக் கோபுரம் எட்டாத ஒரு வனப்பகுதிக்குள், தேவையான அனைத்தையும் முதுகில் சுமந்து நடந்து, ஓரிரு இரவுகள் கூடாரத்தில் தங்கித் திரும்புவதைப் பற்றியே இங்கே பேசுகிறோம். பெரியவர்கள் மட்டும் போகும்போது கணக்கில் ஏற்படும் பிழையை உடல் வலிமையால் ஈடுகட்டிவிடலாம். ஆறு வயதுக் குழந்தை உடன் வரும்போது அதற்கு இடமில்லை. ஆகவே தூரம், சுமை, உணவு, நேரம் என எதை முடிவு செய்தாலும், குழுவில் மிக மெதுவாக நடக்கப்போகும் குழந்தையை முன்னால் நிறுத்தித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது பல பயணங்களுக்குப் பிறகு எனக்கு உறுதிப்பட்ட ஒன்று.

முதலில் குழு, பிறகு இடம்

பெரும்பாலானோர் அழகான ஒரு ஏரியின் படத்தைப் பார்த்துவிட்டு, அங்கே போக யார் யார் வருகிறீர்கள் என்று கேட்கிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். யார் வருகிறார்கள் என்பது உறுதியான பிறகே இடத்தைத் தேட வேண்டும். மூன்று அல்லது நான்கு குடும்பங்கள், மொத்தம் பன்னிரண்டு பேருக்குள் இருந்தால் கூடாரம் போடவும், சமைக்கவும், எண்ணிக்கை பார்க்கவும் எளிதாக இருக்கும். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகள் பலவற்றில் ஒரு குழுவுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு என்பதால், எண்ணிக்கையை முன்பே கட்டுக்குள் வைப்பது நல்லது. இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பெரியவர் என்ற விகிதத்திற்குக் கீழே போகாதீர்கள். அதற்கு மேல், எந்தக் குழந்தையின் பொறுப்பும் இல்லாத ஒரு பெரியவராவது இருக்க வேண்டும். ஒருவருக்குக் கால் பிசகினால், உதவி தேடி நடக்கப்போவது அவர்தான்.

புறப்படுவதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பே பெரியவர்கள் அனைவரும் ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசுவது அவசியம். குழந்தைகளின் ஒவ்வாமை, ஆஸ்துமா, வழக்கமாக எடுக்கும் மருந்துகள், இருட்டைக் கண்டு பயம், படுக்கையை நனைக்கும் பழக்கம் ஆகிய எல்லாவற்றையும் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டிய இடம் அது. அன்றே ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுங்கள். வானிலை மோசமாகும்போதோ, பொழுது சாயும்போதோ “திரும்பலாம்” என்று அவர் சொன்னால் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும் என்பதையும் அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். காட்டுக்குள் நின்றுகொண்டு நான்கு குடும்பங்கள் விவாதிக்கும் அரைமணி நேரத்தில் குழந்தைகள் குளிர்ந்து போவார்கள்.

தூரத்தைக் கணக்கிடுவது எப்படி

திட்டத்தின் உயிர்நாடி இதுதான். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த ஒரு விதி இன்றும் பயன்படுகிறது. அதன் மெட்ரிக் வடிவத்தின்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் கணக்கிட வேண்டும். 8 கிலோமீட்டர் தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் கொண்ட பாதை என்றால், நடைக்கு 1 மணி 36 நிமிடம், ஏற்றத்துக்கு 40 நிமிடம், ஆக 2 மணி 16 நிமிடம் ஆகும். ஆனால் இது ஓய்வின்றி நடக்கும் திடமான பெரியவருக்கான கணக்கு. சிறு குழந்தைகள் இருக்கும் குழு இதை இரண்டால் பெருக்கிக்கொண்டு, சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் அதே பாதைக்கு ஐந்தரை மணி நேரம் ஆகிவிடும். ஆறு வயதுக் குழந்தைக்கு அது அதிகம்.

என் அனுபவத்தில், ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ளவர்களுக்கு முதல் பயணத்தில் ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் போதும். எட்டு முதல் பத்து வயதுக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வரை போகலாம். இது வீட்டருகே ஓடியாடும் தூரத்தைவிடக் குறைவாகத் தெரியலாம். ஒருமுறை ஓர் ஓடையின் ஓரத்தில் எங்கள் குழுவின் சிறுமி ஒருத்தி உட்கார்ந்து, நீருக்குள் கூழாங்கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த பூச்சிப் புழுக்களைக் கண்டுபிடித்தாள். மற்றக் குழந்தைகளும் சேர்ந்துகொள்ள, நாற்பது நிமிடம் அங்கேயே கழிந்தது. அந்த நாற்பது நிமிடத்தைத் தாமதம் என்று எண்ணும் நிலைக்கு உங்களைத் தள்ளும் எந்தப் பாதையும் உங்களுக்கு நீளமான பாதைதான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை இவை: வண்டி நிற்கும் இடத்திலிருந்து முகாம் அரை நாள் நடைக்குள் இருக்க வேண்டும், முகாமுக்கு அருகே ஆண்டு முழுவதும் நீர் இருக்க வேண்டும், பாதையில் செங்குத்தான விளிம்புகளோ, பாலமில்லாத பெரிய ஆறுகளோ இருக்கக் கூடாது, நடுவழியில் தங்கவேண்டி வந்தால் அதற்கும் ஓர் இடம் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தங்கி, நடுவிலுள்ள நாளில் சுமையின்றிச் சுற்றிப் பார்ப்பது, தினமும் கூடாரத்தைப் பிரித்துப் போடுவதைவிடக் குடும்பங்களுக்குப் பலமடங்கு இனிமையானது. உயரத்தையும் கவனியுங்கள். 2,500 மீட்டருக்கு மேல் மலைநோய் வரக்கூடும். தலைவலி, குமட்டல் என்று சொல்லத் தெரியாத சிறு குழந்தை வெறுமனே அழுதுகொண்டும் சாப்பிட மறுத்துக்கொண்டும் இருக்கும். முதல் பயணத்தை அந்த உயரத்துக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அனுமதியும் பருவமும்

அந்தப் பகுதியை நிர்வகிக்கும் வனத்துறை அல்லது பூங்கா அலுவலகத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு, இரவு தங்க அனுமதி உண்டா, தீ மூட்டலாமா, வழிகாட்டி கட்டாயமா, உணவை எப்படிப் பாதுகாக்கச் சொல்கிறார்கள், அண்மையில் விலங்கு நடமாட்டமோ பாதைச் சரிவோ உண்டா என்று கேளுங்கள். இணையத்தில் யாரோ எப்போதோ எழுதிய பயணக் குறிப்பை நம்பிப் புறப்படக் கூடாது. மழை உச்சத்தில் இருக்கும் மாதங்களையும், காட்டுத்தீ அபாயம் உள்ள வறண்ட மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். அடிவாரத்தில் 28 டிகிரி இருக்கும் பகலில், 1,500 மீட்டர் மேலே உள்ள முகாமில் 18 டிகிரிதான் இருக்கும். இரவில் அது இன்னும் இறங்கும்.

ஒத்திகை இரவு

இதைத் தவிர்க்கும் குழுக்களே அதிகம். நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வதும் இதையே. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன், வண்டி பக்கத்திலேயே நிற்கும் ஓரிடத்தில், கொண்டுபோகப்போகும் அதே பொருள்களோடு ஓர் இரவு தங்கிப் பாருங்கள். கூடாரத்தின் கம்பி ஒன்று குறைவதும், அடுப்பும் காஸ் குப்பியும் ஒன்றோடொன்று பொருந்தாததும், குழந்தை தூக்கப்பையின் ஜிப்பைத் தானாகத் திறக்கத் தெரியாமல் நடுஇரவில் பயந்து அழுவதும் அங்கேதான் தெரியவரும். மறுநாள் காலை அதே முதுகுப்பைகளுடன் 3 கிலோமீட்டர் நடக்க வையுங்கள். யாருடைய குதிகாலில் சிவப்பு விழுகிறது, யாருக்குத் தோள்பட்டை வலிக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால், மாற்றிக்கொள்ள இன்னும் நாள் இருக்கும்.

சுமையைப் பங்கிடுதல்

பெரியவருக்குத் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, குழந்தைக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது பாதுகாப்பான அளவு. 60 கிலோ எடையுள்ளவர் 12 கிலோவும், 25 கிலோ எடையுள்ள குழந்தை இரண்டரைக் கிலோவும் சுமக்கலாம். குழந்தையின் பையில் அதன் குடிநீர், நொறுக்குத்தீனி, குளிருக்கான மேலுடை, விசில், ஒரு சிறு பொம்மை ஆகியவை போதும். எனினும் ஏதேனும் ஒன்றை அது சுமந்தே ஆக வேண்டும். தன் பையைத் தானே தூக்கும் குழந்தை, தன்னைப் பயணத்தின் ஓர் அங்கமாக உணர்கிறது. குழந்தை களைத்துவிட்டால் அந்தப் பையையும், சில வேளைகளில் குழந்தையையும் பெரியவரே சுமக்க நேரும். எனவே பெரியவர்களின் பைகளில் அதற்குரிய இடத்தை விட்டுவையுங்கள்.

பொதுப் பொருள்களைக் குடும்பத்துக்கு ஒன்றாகக் கட்டாமல் குழுவுக்கு ஒன்றாகக் கட்டினால் பல கிலோ மிச்சமாகும். பெரிய பாத்திரங்கள், கயிறு, சிறு மண்வெட்டி, முதலுதவிப் பெட்டி, பழுதுபார்க்கும் நாடா ஆகியவை ஒன்றிருந்தால் போதும். ஆனால் அடுப்பு, நீர் வடிகட்டி, வரைபடம், தீப்பெட்டி ஆகிய நான்கும் இரண்டிரண்டாக, வெவ்வேறு பைகளில் இருக்க வேண்டும். எது யாருடைய பையில் இருக்கிறது என்ற பட்டியலைத் தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். மழையில் நனைந்தபடி ஆறு பைகளைக் கொட்டி முதலுதவிப் பெட்டியைத் தேடும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

உடையைப் பொறுத்தவரை ஒரே ஒரு விதிதான் முக்கியம்: பருத்தி வேண்டாம். நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிக்கொண்டு சூட்டை உறிஞ்சிவிடும். குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட விரைவாகக் குளிரும். உடலையொட்டி, விரைவில் உலரும் செயற்கை இழை அல்லது கம்பளி, அதற்கு மேல் கதகதப்பான ஓர் உடை, எல்லாவற்றுக்கும் மேல் காற்றையும் மழையையும் தடுக்கும் மேலங்கி என மூன்று அடுக்குகளாக எடுத்துக்கொள்ளுங்கள். இரவு உடுத்த ஒரு சோடி உடையும் காலுறையும் நீர்புகாத உறையில் தனியாக இருக்கட்டும். பகலில் என்ன நேர்ந்தாலும் அவற்றைத் தொடக் கூடாது. காலணி புதிதாக இருக்கக் கூடாது; வாங்கி மூன்று வாரமாவது பழகியிருக்க வேண்டும்.

உணவு

குழந்தைகள் காட்டில் புதிய உணவை விரும்பி உண்பார்கள் என்று நம்பாதீர்கள். வீட்டில் விரும்பிச் சாப்பிடுவதை உலர்ந்த வடிவில் கொண்டுபோங்கள். நடக்கும் நாளுக்குப் பெரியவர் ஒருவருக்கு 600 முதல் 800 கிராம் வரை உலர் உணவு தேவைப்படும். பகலில் சமைக்காமல், கொட்டைகள், உலர்ந்த பழங்கள், பிஸ்கட் போன்றவற்றை மணிக்கொருமுறை சிறிது சிறிதாகக் கொடுத்து வந்தால் குழந்தைகள் சோர்வதில்லை. பாதி வழியில் வரும் அழுகையில் பெரும்பகுதி பசியின் அழுகைதான். காஸ் அடுப்பில் ஒரு லிட்டர் நீர் கொதிக்க ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் எரிபொருள் செலவாகும். ஒத்திகை இரவில் குப்பியைச் சமைக்கும் முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தால் உங்கள் அடுப்பின் உண்மையான கணக்குக் கிடைத்துவிடும். எவ்வளவு மழை பெய்தாலும் கூடாரத்துக்குள் அடுப்பை ஏற்றக் கூடாது. தீப்பிடிப்பதோடு, கார்பன் மோனாக்சைடு வாடையின்றி உயிரைப் பறிக்கும்.

தண்ணீர்

தெளிந்து ஓடும் ஓடையும் சுத்தமான நீர் என்பதற்கு உறுதியில்லை. மேலே விலங்குகள் நீரில் இறங்கியிருக்கும். நுரை வரக் கொதித்த நிலையில் ஒரு நிமிடம் வைப்பதும், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் வைப்பதும் எல்லா நோய்க்கிருமிகளுக்கும் தீர்வு. 0.1 முதல் 0.2 மைக்ரான் வரை துளையுள்ள வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுக்கும். அவற்றைவிடச் சிறிய வைரஸ்கள் புகுந்துவிடும். சாதாரணக் குளோரின், அயோடின் மாத்திரைகள் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கொல்லாது. மனிதர் குடியிருப்புகளுக்குக் கீழே ஓடும் நீர் என்றால் வடிகட்டிக் கொதிக்க வைப்பதே உசிதம். நுண்ணிழை வடிகட்டி உறைந்தால் உள்ளே இழைகள் வெடித்துவிடும். வெளியே எந்த மாற்றமும் தெரியாது. கடுங்குளிர் இரவில் அதைத் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு உறங்குங்கள்.

நடக்கும் நாள்

விடியற்காலையிலேயே புறப்பட்டு, பொழுது சாய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே முகாமை அடையும்படி நேரத்தை அமையுங்கள். பாதை தெரிந்த ஒருவர் முன்னாலும், பொறுமையுள்ள ஒருவர் கடைசியிலும் நடக்க வேண்டும். கடைசி ஆளுக்குப் பின்னால் எவரும் இருக்கக் கூடாது, முன்னால் நடப்பவரை எந்தக் குழந்தையும் முந்தக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் சேரும்வரை நின்று, தலைகளை எண்ணிய பிறகே நகர வேண்டும். வேகத்தைத் தீர்மானிக்க, மெதுவாக நடக்கும் குழந்தையை முதலாமவருக்கு அடுத்தபடியாக விடுங்கள். பின்னால் விடப்பட்ட குழந்தைக்கு, மற்றவர்கள் ஓய்வெடுத்து முடித்த நொடியில்தான் வந்து சேர முடியும். அதற்கு ஓய்வே கிடைக்காது.

நடக்கத் தொடங்கிய இருபது நிமிடத்தில் ஒருமுறை நின்று, எல்லாக் குழந்தைகளின் காலணியையும் கழற்றிக் குதிகாலைப் பாருங்கள். கொப்புளம் ஆவதற்கு முன் அந்த இடம் சூடாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும்; அப்போதே ஒட்டுநாடாவைச் சுருக்கமின்றி ஒட்டிவிட்டால் பயணம் தப்பிக்கும். ஒரு மணி நேரம் கழித்து, தோல் உரிந்து காலுறையோடு ஒட்டிக்கொண்ட பிறகு பார்த்தால், மறுநாள் அந்தக் குழந்தையைத் தூக்கித்தான் வர வேண்டும்.

புறப்படும்போதே திரும்பும் நேரம் ஒன்றைக் குறித்துவிடுங்கள். நண்பகல் ஒரு மணிக்குள் பாதி வழியைத் தாண்டவில்லை என்றால் திரும்புவது, அல்லது நடுவழி முகாமிலேயே தங்குவது என்று முன்பே எழுதி வைத்திருந்தால், களைப்பில் முடிவெடுக்க வேண்டியதில்லை.

முகாமும் கழிப்பிடமும்

கூடாரம் போடும் முன் தலைக்கு மேலே பாருங்கள். பட்டுப்போன கிளை தொங்கும் மரத்தடி, வறண்ட ஓடைப் படுகை, விலங்குத் தடம் போகும் வழி ஆகிய மூன்றும் கூடாது. நீர்நிலையிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளித் தங்குவதும், சமைக்கும் இடத்தைக் கூடாரங்களிலிருந்து விலக்கி வைப்பதும், உணவு, பற்பசை உள்ளிட்ட மணமுள்ள எதையும் கூடாரத்துக்குள் விடாமலிருப்பதும் குழந்தைகளுக்கும் புரிய வேண்டிய விதிகள். குழந்தைகள் எந்த எல்லைக்குள் விளையாடலாம் என்பதை அவர்களோடு நடந்து, இந்தப் பாறை, அந்த மரம் என்று தொட்டுக் காட்டுங்கள்.

கழிப்பிடத்துக்கு நீரிலிருந்தும் பாதையிலிருந்தும் முகாமிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி, பிறகு மூடிவிட வேண்டும். தாள்கள், டயப்பர், மாதவிடாய் அணையாடைகள் அனைத்தும் உறையில் கட்டப்பட்டு வீடு திரும்ப வேண்டும். வெளியே குந்தி உட்காரப் பழகாத குழந்தைகள் இரண்டு நாள் அடக்கிக்கொண்டு வயிற்றுவலியால் துடிப்பதைப் பார்த்திருக்கிறேன்; இதற்கும் ஒத்திகை இரவே பயிற்சிக்களம். கழித்த பிறகும் உண்ணும் முன்பும் சோப்பால் கை கழுவுவதைப் பெரியவர் ஒருவர் நின்று கவனிக்க வேண்டும். குழுப் பயணங்களில் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் கைகளின் வழியாகவே பரவுகிறது.

தவறிப்போனால், விபத்து நேர்ந்தால்

1981-இல் கலிபோர்னியாவில் ஒரு சிறுவன் மலைக்காட்டில் வழிதவறி உயிரிழந்த பிறகு, தேடுதல் பணியில் ஈடுபட்டவர்கள் குழந்தைகளுக்கென ஒரு பயிற்சியை வகுத்தார்கள். வழி தெரியவில்லை என்றால் நடக்காதே, அருகிலுள்ள மரத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே இரு என்பதே அதன் சாரம். விசிலை மும்மூன்று முறை ஊதுவதையும், பெயர் சொல்லித் தேடுபவர் அறியாதவராக இருந்தாலும் பதில் குரல் கொடுப்பதையும், வழிதவறியதற்காக யாரும் திட்டமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். திட்டுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு. புறப்படும் காலையில், ஒவ்வொரு குழந்தையையும் அன்றைய உடையோடு ஒரு படமும், காலணியின் அடிப்பாகத்தை ஒரு படமும் எடுத்து வையுங்கள். தேட வருபவர்களுக்கு அந்தத் தடம் பெரும் உதவியாக இருக்கும்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். எண்ணிக்கை 30-ஐ எட்டும் முன்பே மலைமுகட்டையும் திறந்த வெளியையும் தனிமரத்தையும் விட்டு இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை காத்திருங்கள். கூடாரம் மின்னலிலிருந்து காக்காது. பெருகி ஓடும் ஓடையைக் குழந்தைகளோடு கடக்கவே கூடாது. மழைநீரால் பெருகிய ஓடை, மழை நின்ற சில மணி நேரத்தில் தணிந்துவிடுவது வழக்கம் என்பதால், காத்திருப்பதே வழி.

பாம்பு கடித்தால் வளையல், மோதிரம் போன்றவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பைச் சிம்பு வைத்து அசையாமல் செய்து, கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். வெட்டுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு. வயிற்றுப்போக்குக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் போதிய அளவில் இருக்கட்டும்; அவை தீர்ந்தால், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமன் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். முதலுதவியில் பயிற்சி பெற்றவர்கள் குழுவில் இருவராவது இருக்க வேண்டும், ஏனெனில் அடிபடுபவர் அந்த ஒருவராகவும் இருக்கலாம்.

கைப்பேசி எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுத்துச் செல்லுங்கள். அது இருந்தாலும், ஊரில் பொறுப்பான ஒருவரிடம் பாதை வரைபடம், முகாமிடங்கள், வருபவர்களின் பெயர், வண்டி எண், திரும்பும் நேரம், எத்தனை மணிக்குள் தகவல் வரவில்லை என்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டே கிளம்ப வேண்டும். வண்டிக்குத் திரும்பியதும், பைகளை இறக்கும் முன்பே அவரை அழைத்து, எல்லோரும் வந்துவிட்டோம் என்று சொல்லிவிடுங்கள். கூடாரங்களை அன்றிரவே விரித்து உலர வையுங்கள். எடுத்துப்போய்த் தொடாமலே திரும்பிய பொருள்களைக் குழந்தைகளையே தனியாகக் குவிக்கச் சொல்லி, அந்தக் குவியலைப் படம்பிடித்து வைத்துக்கொண்டால், அடுத்த பயணத்தின் பட்டியலை அதிலிருந்து தொடங்கலாம்.